ரூபாய் விழுந்த வருஷம்

அம்பத்தூர் ரயில்வே கேட்டு மூடியிருக்க, கரி வண்டி போற வரைக்கும் புத்தகப் பையைத் தோள் மாத்தி மாத்தி நின்ன ஆளுங்க இன்னும் யாராச்சும் மிச்சம் இருக்கீங்களா? உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். எங்க வீட்டுச் சின்னதுங்ககிட்ட சொல்லிப் பார்த்தேன். "போன்ல ஒரு தட்டு தட்டினா இன்னிக்கு ரூபா ரேட்டு எவ்வளவுன்னு வந்துடுமே, இதுக்கா உங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் அவ்வளவு அழுதாங்க?"ன்னு கேட்டுச்சுங்க. போங்கடா நீங்களும் உங்க போனும்னு எழுந்து வந்துட்டேன். நம்ம வயசுக்காரங்களுக்குச் சொன்னா புரியும்.

அறுபத்தாறாம் வருஷம். எனக்குப் பத்து வயசு. எங்க நைனா பினாங்குல ஒரு மண்டியோட குடோன்ல, சரக்கு ஏத்தி இறக்குற கணக்கு பார்த்துகிட்டு இருந்தார். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை லீவுல வருவார். நைனான்னா எனக்கு ரெண்டு விஷயம்தான் ஞாபகம். ஒண்ணு, அவரோட பச்சைப் பெட்டியைத் திறந்தா குப்புன்னு வர ஜாதிக்காய் வாசனை. அவர் கப்பல் ஏறின பிறகும் அந்தப் பெட்டி இருந்த மூலையில அது கொஞ்ச நாளைக்கு இருக்கும், நான் போய் அங்க உக்காந்து பாடம் படிப்பேன். இன்னொண்ணு, அவர் அம்மாவைக் கூப்பிடுறது. பேரு சொல்ல மாட்டார். வாசல்ல இருந்தே "இன்னாமே!"ன்னு ஒரு குரல். அம்மா அடுப்படியில இருந்து சிரிச்சுகிட்டே வருவாங்க.

அம்பத்தூரை ஒட்டின மேனாம்பேட்டுல ஒரு துண்டு நிலம் வாங்கி, சுவர் எழுப்பி, மேல தகரம் போட்டு நாங்க குடி வந்திருந்தோம். தளம் போடல. "தளத்துக்குப் பணம் சேர்ந்ததும் வந்துடறேன். அப்புறம் கப்பலும் வேணாம், கடலும் வேணாம். நம்ம அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்ல புதுசு புதுசா கம்பெனி வருதே, ஒரு குடோன்காரன் என்னை வெச்சுக்க மாட்டானா?"ன்னு போன லீவுல சொல்லிட்டுப் போயிருந்தார். அந்த வருஷ தீபாவளிக்கு வந்துடுவார்னு கணக்கு. அந்தத் தீபாவளிக்காகத்தான் எங்க வீடே மூச்சு விட்டுகிட்டு இருந்துச்சு.

மாசாமாசம் நூறு வெள்ளி அனுப்புவார். மலேயா பணத்துக்கு நம்ம ஆளுங்க வெச்ச பேரு வெள்ளி. அங்க அவர் கட்டுற நூறு வெள்ளி, இங்க தபால்காரர் கையில நூத்தி அம்பத்தஞ்சு ரூபாயும் கொஞ்சம் சில்லறையுமா மாறி வரும். எப்படிம்மா அதிகமாச்சுன்னு கேப்பேன். "கடல் தண்ணி குடிச்சு ஊதிப் போச்சு"ன்னு சொல்லுவாங்க. நான் நம்பினேன். அந்த வயசுல எதைத்தான் நம்பல?

சித்திரை மாசமே அம்மா நைனாவுக்காக ஒரு கண்ணாடி வாங்கிட்டாங்க. ஷேவிங் பண்ணிக்க. பூந்தமல்லியில படத்துக்கும் கண்ணாடிக்கும் சட்டம் போடுற பாய் ஒருத்தர் கடை வெச்சிருந்தார். அவர் பொண்ணும் எங்க அம்மாவும் அக்கா தங்கச்சி மாதிரி. அந்த அக்காவுக்குக் கல்யாணம் ஆகி, மாப்பிள்ளையும் பினாங்குலதான் இருந்தார். பாய் தேக்குச் சட்டம் போட்டு, மேல சின்னதா ஒரு பூ செதுக்கிக் கொடுத்தார். அம்மா அதைப் புடவையில சுத்தி, பஸ்ல மடியில வெச்சுகிட்டே வந்தாங்க. நிக்கிறவங்க எல்லாரையும் ஒரு முறை முறைச்சாங்க.

எங்க மாட்டுறது? பின்பக்க வாசலுக்குப் பக்கத்துச் சுவர்ல. எவ்வளவு உயரத்துல? அதுதான் வேடிக்கை. அம்மா சுவர்ல முதுகை ஒட்டி நின்னாங்க. "என் தலை அவரு தோளுக்கு வரும்"னு சொல்லிட்டு, தலைக்கு மேல கையை நீட்டி ஒரு இடத்துல விரலை அமுத்தினாங்க. கண்ணை மூடிக்கிட்டு இன்னும் கொஞ்சம் ஏத்தினாங்க. என் மாமா அங்க ஆணி அடிச்சார். மாமான்னா அம்மாவோட தம்பி; அவர் எங்க நைனாவை மாமான்னுதான் கூப்பிடுவார். எங்க கூடவே இருந்தார், எஸ்டேட்ல ஒரு கம்பெனியில ஆளுங்க வர நேரம் போற நேரம் குறிக்கிற டைம் ஆபீஸ் வேலை. மாமாவும் குள்ளம்தான். அதனால வீட்டுல ஒருத்தருக்கும் அந்தக் கண்ணாடியில மூஞ்சி தெரியாது. கீழ இருந்து அண்ணாந்து பார்த்தா பின்வீட்டு முருங்கை மரத்தோட உச்சி தெரியும், கொஞ்சம் வானம் தெரியும். நான் தலை வாரிக்க அம்மாவோட கைக்கண்ணாடிதான். அம்மா மட்டும் முக்காலி போட்டு ஏறி அதைத் துடைச்சுத் துடைச்சு வெப்பாங்க.

வைகாசியில பள்ளிக்கூடம் திறக்குற சமயம். ஒரு நாள் ரேடியோவுல சொன்னாங்கன்னு எதிர்வீட்டம்மா ஓடி வந்தாங்க. "ரூபா வுழுந்துடுச்சாமே!"

எங்க விழுந்துச்சுன்னு கேட்டேன். என் தலையில ஒரு குட்டு விழுந்துச்சு.

மறுநாள் காலையில மாமா பேப்பரோட உக்காந்தார். மாமா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். எங்க குடும்பத்துல அது வரைக்கும் யாரும் அந்தப் படி ஏறல. ரேஷன் கார்டுல இருந்து நைனாவுக்குப் போற லெட்டர் வரைக்கும் எல்லாம் அவர் கையாலதான். மாமா ஒண்ணு சொல்லிட்டார்னா அம்மாவுக்கு அது வேதம். பென்சிலைக் காதுல இருந்து எடுத்தார், பேப்பர் ஓரத்துல ஏதோ எழுதினார், உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, நூத்துக்கு முப்பத்தாறு போச்சு."

"இன்னாடா போச்சு?"

"ரூபாயோட மதிப்பு. கவர்மெண்ட்டே கொறைச்சுட்டான். மாமா அனுப்பற நூத்தி அம்பத்தஞ்சுல முப்பத்தாறு பர்சென்ட் கழிச்சிப் பாரு. இனிமே நூறு ரூபா கூட தேறாது."

அம்மா அடுப்புல பாலை வெச்சிருந்தாங்க. அது பொங்கி வழிஞ்சு அடுப்பு அணைஞ்சு போச்சு. எங்க வீட்டுல பாலைப் பொங்க விட்டது அன்னிக்கு ஒரு நாள்தான்.

அப்புறம் பாருங்க கூத்தை. தெருவுல இருக்கிற பொம்பளைங்க எல்லாம் துக்கம் விசாரிக்கிற மாதிரி வர ஆரம்பிச்சாங்க. "வெளிநாட்டுப் பணத்தை நம்பிகினு கீறவ, இன்னா பண்ணுவே பாவம்"னு ஒருத்தி. "நல்லா இருந்த ரூபா, திடீர்னு இப்படி ஆயிடுச்சே"ன்னு இன்னொருத்தி மூக்கைச் சிந்தினா. செத்த வீட்டுல பேசுற பேச்சு! அம்மா வந்தவங்களுக்கெல்லாம் மோர் கொடுத்தாங்க. ரெண்டே நாள்ல பால் பாதியாச்சு, மோரும் நின்னுச்சு. மேஸ்திரியைக் கூப்பிட்டு "தளத்துக்கு இப்ப வாணாம் அண்ணே, சொல்லி அனுப்பறேன்"னு திருப்பி அனுப்பிட்டாங்க.

எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். ரூபா எழுந்திருச்சாதான் நைனா வருவார். அந்த வெள்ளிக்கிழமை அம்மா திருமுல்லைவாயில் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ரயில்ல ஒரே ஸ்டேஷன்தான். சாமி முன்னாடி நின்னு கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, "சாமி, ரூபாயைக் கை கொடுத்துத் தூக்கி வுடு. அதுக்கு ரொம்ப அடிபட்டிருந்தா மெதுவாத் தூக்கு"ன்னு வேண்டிக்கிட்டேன். பிரகாரத்துல சூடு தாங்காம குதிச்சுக் குதிச்சு ஓடினப்பகூட வேண்டுதலை விடல. இப்ப நினைச்சாலும் எனக்குச் சிரிப்பா வருது, கூடவே அந்தக் குட்டியைத் தூக்கி வெச்சுக் கொஞ்சணும் போலவும் இருக்கு.

அந்தச் சமயத்துலதான் பூந்தமல்லி அக்கா பினாங்குக்கு, புருஷன்கிட்ட போகக் கிளம்பினாங்க. மெட்ராஸ் துறைமுகத்துல கப்பல் ஏறணும். அம்மா ஒரு தகர டின்ல வடகம், இன்னொண்ணுல மாவடு போட்டு எடுத்துகிட்டுப் பூந்தமல்லிக்குப் போனாங்க. நானும் போனேன். அக்கா வீட்டுல கண்ணாடித் தூளும் வார்னிஷுமா ஒரு வாசனை. பொட்டியெல்லாம் கட்டி வெச்சிருந்தாங்க.

அம்மா டின்னைக் கொடுத்துட்டு, முந்தானையைத் திருகிகிட்டே சொன்னாங்க. "அவரைப் பார்த்தா இப்ப வர வேணாம்னு சொல்லும்மா. ரூபா வுழுந்துடுச்சு, இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டு வரச் சொல்லு."

"லெட்டர்ல எழுதிடலாமேக்கா?"

"எழுதினா தம்பிதான் எழுதணும். அதைச் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துடும். நீ வாயால சொல்லிடு."

அக்கா நல்ல பொண்ணு. "இப்ப வர வேணாம், ரூபா வுழுந்துடுச்சு, ரெண்டு வருஷம் இருந்துட்டு வாங்க"ன்னு ரெண்டு மூணு தடவை மனப்பாடம் பண்ணிச் சொல்லிக் காட்டினாங்க. அம்மா தலையாட்டினாங்க. திரும்பி வரப்ப குமணன்சாவடியில பஸ் மாறணும். அங்க வாழைப்பழக் கடை ஓரமா நின்னு அம்மா அழுதாங்க. நான் எனக்குப் பழம் வேணும்னு அடம் புடிச்சுகிட்டு இருந்தேன்.

அக்கா கப்பல் ஏறி ரெண்டு மூணு வாரம் இருக்கும். தபால்காரர் சைக்கிள் மணி அடிச்சார். கையெழுத்து வாங்கிட்டு, நோட்டை எண்ணி அம்மா கையில வெச்சார். அம்மா எண்ணினாங்க. திரும்ப எண்ணினாங்க.

"இன்னா அண்ணே, வேற யார் பணத்தையோ சேர்த்துக் குடுத்துட்டீங்க."

"உங்க ஊட்டுதுதான்மா. பாரு, இருநூத்தி நாப்பத்தஞ்சு."

"அவரு நூறு வெள்ளிதானே அனுப்புவாரு?"

"நூறோ ஆயிரமோ, எனக்கு இன்னாமா தெரியும். வந்ததைக் குடுக்கறேன்"னு சொல்லிட்டு அவர் போயிட்டார்.

நான் துள்ளினேன். சாமி தூக்கி வுட்டுடுச்சு! ரூபா எழுந்திருச்சு! அம்மாவோட முந்தானையைப் புடிச்சு ஆடினேன். அம்மா என்னை விலக்கிட்டு, அந்த நோட்டுங்களை மடியில வெச்சுகிட்டு மாமா வர வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தாங்க.

சாயங்காலம் மாமா வந்தார். காதுல இருந்து பென்சிலை எடுத்தார். எழுதினார், அடிச்சார், திரும்ப எழுதினார். அப்புறம் பென்சிலை மெதுவாக் கீழ வெச்சார்.

"அக்கா... கழிச்சிருக்கக் கூடாதுக்கா. மாமா சம்பாதிக்கறது ரூபா இல்லியே, வெள்ளியாச்சே. ரூபா எறங்கினா வெள்ளிக்கு அதிகமாத்தான் கெடைக்கும். கூட்டியிருக்கணும்."

மாமாவுக்கு அப்போ இருபத்தி மூணு வயசு இருக்குமா? அன்னிக்கு அவர் குனிஞ்சு உக்காந்திருந்ததைப் பார்த்தா என் வகுப்புப் பையன் மாதிரி இருந்துச்சு. அம்மா திட்டல. "சரி, கை கழுவிகினு வா"ன்னாங்க. தட்டுல சோறு போட்டு, எனக்குக் கூடக் கொடுக்காம ரெண்டு அப்பளம் அவருக்கே வெச்சாங்க.

"மாமாவுக்கு ஒரு தந்தி அடிச்சுடட்டுமாக்கா? உடனே வரச் சொல்லி?"

"இன்னான்னு அடிப்ப? என் தம்பிக்குக் கணக்கு வரல, அதனால தப்பா சொல்லிட்டேன்னா?"

"நான் பண்ணினதுதானேக்கா."

"வாணாம். உன்னைத்தான் பெரிய படிப்பாளின்னு அவரு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு. அவங்க ஆளுங்க சிரிப்பாங்க. அவருக்கு அங்க ரேட்டு தெரியாதா? குடோன்ல கணக்கு பார்க்கிறவரு. நான் சொன்னது தப்புன்னு அவருக்கே புரிஞ்சிடும். அவரா வந்துடுவாரு."

பொறந்த வீட்டு மானம்! நம்ம வீட்டுப் பொம்பளைங்க அதுக்காக எதை எதையெல்லாம் முழுங்கியிருக்காங்கன்னு எழுதினா பேப்பர் பத்தாது. அடுத்த லெட்டர்ல அம்மா சொல்லி மாமா எழுதினது ஒரே ஒரு வரி. "உங்களுக்கு எப்போ தோதோ அப்போ வாங்க." அதுக்கு நைனாகிட்ட இருந்து பதில் வந்துச்சு. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு முதலாளிகிட்ட கையெழுத்துப் போட்டாச்சு, உடம்பைப் பார்த்துக்கோங்க, குழந்தையை நல்லா படிக்க வைங்க, அவ்வளவுதான். மாமா படிச்சு முடிச்சதும் அம்மா, "ரேட்டு தெரிஞ்சும் வரலியே"ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல.

தீபாவளி வந்துச்சு. அம்மா நைனாவுக்குன்னு எடுத்து வெச்சிருந்த வேட்டிக்கு மஞ்சள் வெச்சு, திரும்ப மடிச்சுப் பெட்டியில போட்டாங்க. பணம் மட்டும் மாசாமாசம் ஊதிப் போய் வந்துகிட்டே இருந்துச்சு. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கூடவே ஏறிச்சு. ஆனா அம்மா முக்காலி போட்டுக் கண்ணாடி துடைக்கிறதை நிறுத்தல. கோபமா துடைப்பாங்க. துணியை உதறி உதறித் துடைப்பாங்க.

அறுபத்தெட்டுல நைனா வந்தார். நான் பன்னெண்டு வயசுப் பொண்ணு, கிட்டப் போக வெக்கம். பச்சைப் பெட்டி, அதே ஜாதிக்காய் வாசனை. ஆனா அந்த மனுஷன் வேற யாரோ மாதிரி இருந்தார். சொந்த வீட்டுக்குள்ள செருப்பை எங்க விடுறதுன்னு கேட்டார். தண்ணி வேணும்னா, "கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"ன்னு கேட்டார். "இன்னாமே"ன்னு ஒரு குரல் வரும்னு நான் காதைத் தீட்டிகிட்டு இருந்தேன். வரவே இல்ல. அம்மாவும் விருந்தாளிக்குப் போடுற மாதிரி இலை போட்டு, ஓரமா நின்னு, "இன்னும் கொஞ்சம் சாதம் வெக்கட்டுமா?"ன்னு கேட்டாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல அவ்வளவு மரியாதை! எனக்குப் பத்திகிட்டு வந்துச்சு.

மறுநாள் காலையில நைனா துண்டைத் தோள்ல போட்டுகிட்டு, ஷேவிங் செட்டோட பின்பக்கம் வந்தார். அம்மா பாத்திரம் தேய்ச்சுகிட்டு இருந்தாங்க. நான் படியில உக்காந்து பல் விளக்கிகிட்டு இருந்தேன். கண்ணாடி முன்னாடி போய் நின்ன மனுஷன் அப்படியே நின்னுட்டார். குனியல, எட்டிப் பார்க்கல. அவர் மூஞ்சி அந்தச் சட்டத்துக்கு நட்ட நடுவுல இருந்துச்சு. நெத்திக்கு மேல எவ்வளவு இடமோ, தாடைக்குக் கீழயும் அவ்வளவு இடம்.

"இதை யாருக்காக இங்க மாட்டினது?"

"யாருக்கா? இந்த ஊட்ல வேற யாரு கீறாங்க அவ்ளோ ஒசரம்? உங்களுக்குத்தான்."

"நான் வரப் போறேன்னு லெட்டர் போட்ட பிறகா?"

"அதெல்லாம் இல்ல. ரெண்டு வருஷமா அங்கதான் தொங்குது. ரூபா வுழுறதுக்கு முன்னாடி மாட்டினது."

நைனா திரும்பினார். மூஞ்சியில சோப்பு நுரை. "அப்போ நான் வரணும்னுதான் இருந்தியா?"

அம்மா சாம்பல் கையோட நிமிர்ந்து பார்த்தாங்க. "இது இன்னா கேள்வி?"

"பின்ன ஏன் வர வேணாம்னு சொல்லி அனுப்பினே? ரூபா வுழுந்த அன்னிக்கு குடோன்ல எங்க ஆளுங்க எல்லாருக்கும் நான்தான் டீ வாங்கி ஊத்தினேன். சேர்த்து வெச்சது ஒரே நாள்ல ஒண்ணரை மடங்கு ஆயிடுச்சு. தளத்துக்குப் பணம் ரெடி. முதலாளிகிட்ட கணக்கு முடிக்கச் சொல்லிட்டேன். அப்பதான் பூந்தமல்லி பாய் பொண்ணு வந்து, தலையைக் குனிஞ்சிகினு, வர வேணாமாம், ரூபா வுழுந்துடுச்சாம்னு சொல்லுது. ரூபா வுழுந்தாதானே நான் வர முடியும்? நீ சாக்கு சொல்லி அனுப்பினதா நெனைச்சேன். நான் இல்லாமயே பழகிப் போச்சு போல, போய் நின்னா பாரமா இருப்பேன்னு..."

அம்மாவுக்குத் தம்பி மானமாவது ஒண்ணாவது! கையில இருந்த பாத்திரத்தைப் போட்டுட்டு, தெருவே கேக்குற மாதிரி கத்தினாங்க.

"ஐயோ, என் தம்பி கூட்டாம கழிச்சுட்டான்!"

சொல்லிட்டு, "நீங்க ரேட்டு தெரிஞ்சும் வரலைன்னு நான் ரெண்டு வருஷமா சாவறேன்"னு ஓன்னு அழுதாங்க. நைனா முதல்ல சிரிச்சார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரிச்சார். அப்புறம் பார்த்தா நுரை வழியே கண்ணீர் கோடு போட்டுகிட்டு இறங்குது. துண்டால மூஞ்சியைப் பொத்திகிட்டு அம்மா பக்கத்துல ஈரத் தரையிலேயே உக்காந்துட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு அந்தத் துண்டுக்குள்ள இருந்து குரல் வந்துச்சு.

"இன்னாமே... ரெண்டு வருஷமே."

நான் வாய் கொப்பளிக்காமலேயே உள்ள ஓடிட்டேன். பெரியவங்க அழறதைப் பார்க்க எனக்குப் பயம். ஆனா சந்தோஷமா இருந்துச்சு.

மாமா அப்போ வேலைக்குப் போயிருந்தார். "கணக்கு விஷயம் எனக்குத் தெரியும்னு மச்சானுக்குத் தெரிய வேணாம்"னு நைனா எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கினார். அதோட விட்டாரா? தளம் போடற கணக்கு முழுக்க மாமாகிட்டயே ஒப்படைச்சார். "மச்சான், எனக்கு மண்டிக் கணக்குதான் தெரியும், நீதான் படிச்சவன், பாரு"ம்பார். மாமா ஒவ்வொரு கணக்கையும் ரெண்டு தடவை போடுவார், மூணாவது தடவை விரல் விட்டும் எண்ணுவார். சாகற வரைக்கும் அவர் போட்ட எந்தக் கணக்கும் தப்பினதில்ல. நைனா எஸ்டேட்டுல ஒரு குடோன்ல சேர்ந்தார், திரும்பக் கப்பல் ஏறவே இல்ல. பூந்தமல்லி அக்கா பிள்ளைப்பேறுக்கு ஊர் வந்தப்ப, அம்மா அவங்களைக் கட்டிப்புடிச்சுகிட்டு ஏன் சிரிக்கிறாங்கன்னு அக்காவுக்குக் கடைசி வரைக்கும் புரியல.

அந்தக் கண்ணாடி இப்ப இல்ல. ஒரு மழைக்காலத்துல சட்டத்தைச் செல் அரிச்சு, விழுந்து உடைஞ்சுது. ஆணி மட்டும் சுவர்ல ரொம்ப நாள் இருந்துச்சு.

ரூபா அதுக்கப்புறமும் விழுந்துச்சு, உங்களுக்குத் தெரியாததா? ரொம்ப வருஷம் கழிச்சு, டி.வி. நியூஸ்ல ஒரு நாள் திரும்பவும் அதே பேச்சு. நைனாவுக்கு அப்போ காது மந்தம், எழுந்து நிக்கவே ஆள் வேணும். அம்மா அடுப்படியில இருந்து கையைத் துடைச்சுகிட்டே வந்து, அவர் நாற்காலிக்குப் பக்கத்துல உக்காந்தாங்க.

"இன்னாங்க, ரூபா வுழுந்துடுச்சாம்!"

"இன்னா?"

"ரூபா! வுழுந்துடுச்சாம்!"

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. நீங்க எங்கியும் போவாதீங்க."

"சரிமே"ன்னார் நைனா. "போவல."